தலைமுழுகு என்ற சொல்

மலாயாவில் பத்து காஜா என்ற ஊர்க் கோர்ட்டில் மத்தியாஸ் பதினோரு வருடமாகத் தமிழ் துபாசி. மாஜிஸ்திரேட்டுக்கு இடப்பக்கம் நின்று, தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. வீடு ஈப்போவில். காலையில் மோட்டார் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை அவர் தவறவிட்டதில்லை. 1926-இல் ஈப்போ தமிழர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல் வந்தபோது, நண்பர்கள் வற்புறுத்தி அவரை நிற்கவைத்தார்கள். எதிர்த்து நின்றவர் ஜெயபாலன்.

ஜெயபாலன் சின்ன அச்சகம் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு தாள் போடுவார். கதர் தவிர வேறு உடுத்தமாட்டார். துரைமாருக்கு மனு எழுதிக் கை தேய்ந்ததுதான் மிச்சம், தோட்டத்து ஜனங்கள் தாங்களே கள்ளை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் வேலைக்குப் போகாமலும் நின்று காட்டவேண்டும் என்பது அவர் கட்சி. மத்தியாஸ் அதை ஒப்பவில்லை. ரப்பர்ப் பால்வெட்டுகிறவன் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை நிறுத்தினால் கூரையும் சேர்ந்து போய்விடும். ஆகவே மனுப் போட்டு, முதலில் சம்பள நாளில் கள்ளுக்கடையைச் சாத்தவைத்து, பிறகு அடுத்ததைக் கேட்கவேண்டும் என்றார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஜெயபாலன் நியாயத்தோடு நிற்கவில்லை. 'வெள்ளைக்காரன் வாடகைக்கு எடுத்த நாக்கு' என்று மத்தியாஸைத் தன் தாளில் எழுதினார். கருவாடு மடித்து வந்த தாளில் அதைப் படித்த கத்தரின், கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் போட்டாள். மத்தியாஸ் அதற்கு முன்பே படித்திருந்தார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரையில் பத்து காஜாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா. ஜெயபாலன் அங்கே போய்ப் பேசினார். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டபோது பாதிப்பேர் வரவில்லை. அன்று பிற்பகல் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்துக்கொண்ட சன்னாசிக் கங்காணியை யாரோ இரண்டு பேர் வாய்க்காலில் தள்ளிவிட்டு ஓடிப்போனார்கள். கல்லில் மோதி அவருக்கு நெற்றி பிளந்தது. ஏழு தையல். அதற்கு அடுத்த நாள் தோட்டத்து மானேஜர் பன்னிரண்டு குடும்பங்களை லயத்தைவிட்டு வெளியேற்றினார். அன்று விடியுமுன்பே போலீசார் ஜெயபாலனைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தார்கள். கங்காணியை அடிக்கத் தூண்டினார் என்பது வழக்கு.

வெளியேற்றப்பட்டவர்கள் பத்து காஜா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். மத்தியாஸ் பஸ் ஏறப் போகும் வழியில் அவர்களைப் பார்த்தார். பாய், சட்டிபானை, ஒரு கோழிக்கூடு. செல்லாயி என்ற பெண் நிறைமாதம். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தன் பையில் இருந்த ரொட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வழி நெடுக அவருக்குக் கோபம் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தரினிடம் சொன்னார். "அவர் பேசிட்டுப் போயிட்டாரு. தெருவுல நிக்கிறது இவங்கதான்."

கத்தரின் கேட்டுக்கொண்டாள். விளக்கு வைத்து ஜெபமாலை சொல்லி முடித்ததும், வழக்கம்போல் நோயாளிகளுக்கும் பயணம் போனவர்களுக்கும் வேண்டினாள். கொட்டகையில் இருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். பிறகு, சிறையில் இருக்கும் ஜெயபாலனுக்காக ஒரு மந்திரம் என்றாள். மத்தியாஸ் அதில் சேரவில்லை. அவள் தனியாகவே சொல்லி முடித்து எழுந்தாள்.

மறுநாள் காலை கத்தரின் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டார். ஜெயபாலனின் மனைவி மங்களம் அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாளாம். மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சலாம். போலீசுக்குப் பயந்து அவர் கட்சிக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம்.

கேஸ் தன் கோர்ட்டுக்கு வரப்போகிறது, கோர்ட்டு ஆள் வீட்டிலிருந்து அங்கே போவது சரியல்ல என்று மத்தியாஸ் தடுத்தார். அவர் சொன்னது பொய்யல்ல. அது முழுக் காரணமும் அல்ல.

"கேஸ் உங்களுக்கு," என்றாள் கத்தரின். "பிள்ளைக்குக் காய்ச்சல். நான் போயிட்டு வாரேன்."

அன்றிலிருந்து தினமும் போனாள். கொய்னா மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், கஞ்சி வைத்தாள், மங்களத்தைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். மத்தியாஸ் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள், "காய்ச்சல் இறங்கிருச்சா?" என்று கேட்டார்.

வழக்குக்கு இரண்டு நாள் முன்னால் இன்ஸ்பெக்டர் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினார். திருவிழாவில் ஜெயபாலன் பேசியதை மஃப்டியில் போன போலீஸ் ஆள் தமிழில் குறித்திருந்தார். ஸ்டேஷனில் யாரோ அவசரத்தில் அதை ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பு சரி என்று துபாசி கையெழுத்துப் போடவேண்டும். மத்தியாஸ் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

தமிழ்க் குறிப்பில் இப்படி இருந்தது: 'கள்ளைத் தலைமுழுகுங்கள். கள்ளை ஊற்றிக் கொடுக்கிற கங்காணியையும் தலைமுழுகுங்கள்.' ஆங்கிலத்தில், கங்காணியின் தலையைத் தண்ணீரில் முக்குங்கள் என்று இருந்தது. வழக்கே அந்த ஒரு வரியில்தான் நின்றது. கங்காணி தண்ணீரில் அல்லவா விழுந்தார்!

இன்ஸ்பெக்டரிடம் போய்த் தவறைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை. கங்காணி வாய்க்காலில் கிடந்தது உண்மையா இல்லையா என்று மட்டும் கேட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி சொன்னார்.

அன்று மாலை லூயிஸ் வீட்டுக்கு வந்தார். ரயில்வே ஆபீஸ் கிளார்க்கு. மத்தியாஸின் சிறு வயது நண்பர். தேர்தலில் அவருக்காக அலைந்தவர். விஷயத்தைக் கேட்டதும் லூயிஸுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. ஜெயபாலன் உள்ளே போனால் போட்டியே இருக்காது. காகிதத்தை எழுதினவன் வேறு ஆள், பாவமும் அவனுக்கே, கையெழுத்துப் போடுவதோடு உன் வேலை முடிந்தது என்றார்.

"உன்னை அவன் என்ன எழுதுனான்னு மறந்துட்டியா, மச்சான்?"

"மறக்கலை," என்றார் மத்தியாஸ்.

"அப்புறம் என்னலா யோசனை?"

லூயிஸ் போன பிறகும் காகிதம் மேஜைமேல் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஜெயபாலன் ஏதாவது விலை கொடுத்தே ஆகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இந்த விலை செய்ததற்கு அல்ல, சொல்லாத ஒன்றுக்கு. அதோடு, ஜெயபாலன் விழுந்தால் தன் மனம் மகிழும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த மகிழ்ச்சிதான் அவரைப் பயமுறுத்தியது. இருபது வருடமாகத் தினமும் மாலையில் பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பது போல என்று சொல்லிவந்த வாய் அது. கையெழுத்துப் போடாமல் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். அன்று ஜெபமாலை முடிந்ததும் கத்தரின் ஜெயபாலன் பேரைச் சொன்னபோது, அவரும் சேர்ந்து சொன்னார்.

வழக்கு நாளன்று கோர்ட்டு நிறைந்திருந்தது. ஜெயபாலன் கூண்டில் ஏறினார். பத்து நாளில் மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது. துபாசி இடத்தில் மத்தியாஸைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"இந்தத் துபாசி எனக்கு வேணாம். இவர் என் எதிரி. வெள்ளைக்காரன் ஆளு. இவர் வாயில நுழைஞ்ச என் பேச்சு உருப்படியா வெளிய வராது."

என்ன சொல்கிறார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மத்தியாஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எதிரி என்பதையும், வெள்ளைக்காரன் ஆள் என்பதையும், உருப்படியாக வராது என்பதையும் விடவில்லை. ஜெயபாலனுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். அவர் மத்தியாஸைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குமேல் தன் பொறுப்பில் மத்தியாஸ் சொன்னார்: குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதில் நியாயம் உண்டு. சங்கத் தேர்தலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே நிற்கிறோம். இவருடைய நோயாளிக் குழந்தையை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்பதையும் கோர்ட்டு அறியவேண்டும். வேறு துபாசி வேண்டுமானால் நான் விலகிக்கொள்கிறேன்.

குழந்தையைப்பற்றிச் சொன்னது ஜெயபாலனுக்குப் புதுச் செய்தி. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. வேறு துபாசி தைப்பிங்கிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும் என்பதால், மாஜிஸ்திரேட் வழக்கை நடத்தச் சொன்னார்.

காகிதக் கட்டைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்து, இதில் ஒரு வரி தவறு, ஆகவே கையெழுத்துப் போடவில்லை என்றார் மத்தியாஸ். இன்ஸ்பெக்டர் எழுந்து, வார்த்தைக்கு வார்த்தை அதுதானே அர்த்தம் என்று கேட்டார். தலை என்றால் தலை, முழுகு என்றால் முழுகு. சேர்த்துச் சொன்னால் அர்த்தம் வேறு, செத்தவருக்குக் குளித்து உறவை முடிப்பதுபோல ஒன்றை அடியோடு விட்டுவிடுவது என்று மத்தியாஸ் விளக்கினார். சாட்சிக் கூண்டில் சன்னாசிக் கங்காணி நெற்றிக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரையே கேட்கும்படி மாஜிஸ்திரேட் சொன்னார்.

அடிபட்டவர், ஜெயபாலன்மேல் கோபம் உள்ளவர், என்ன சொல்வாரோ? மத்தியாஸ் குரலை மாற்றாமல் கேட்டார்: "கங்காணி, ஒருத்தரைத் தலைமுழுகுறதுன்னா என்னங்க?"

கங்காணிக்குக் கேள்வியே விளங்கவில்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார்.

"வேணாம்னு விட்டுடுறதுங்க. என் மச்சினன் நிலத் தகராறு பண்ணுனான். எட்டு வருசத்துக்கு முந்தி அவனைத் தலைமுழுகிட்டேன். ஊருக்குக் கடுதாசிகூடப் போடுறதில்லை."

மச்சினன் உயிரோடு இருக்கிறானா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நன்றாக இருக்கிறான், போன வருடம் மாடி வீடு கட்டினான் என்று கங்காணி எரிச்சலோடு சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். வழக்கு மதியத்துக்குள் தள்ளுபடியானது. இன்ஸ்பெக்டர் மத்தியாஸைப் பார்க்காமலே வெளியே போனார். அதன்பிறகு வெகுநாள் அவர் மத்தியாஸோடு பேசவில்லை.

கோர்ட்டுப் படியில் ஜெயபாலன் காத்துக்கொண்டிருந்தார். நன்றி என்று தொடங்கினார்.

"நன்றி வேணாங்க," என்றார் மத்தியாஸ். "நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். நீங்க செஞ்சது தப்புன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். என்கூட மார்க்கெட் வரைக்கும் வாரீங்களா?"

பன்னிரண்டு குடும்பங்கள் வெளியேற்றப்பட்டது சிறையில் இருந்த ஜெயபாலனுக்குத் தெரியாது. கொட்டகையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கே இருந்தவர்கள் அவரை ஏசவில்லை. ஒரு பெரியவர் எழுந்து உட்கார இடம்விட்டார். அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மத்தியாஸ் சற்றுத் தள்ளி நின்றார். நான் முன்பே சொன்னேன் அல்லவா என்று கேட்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தேர்தல் நடந்தது. ஒரு வழக்கில் ஜெயித்துவந்த ஆள் என்று ஜெயபாலனுக்குப் பேர் பரவியிருந்தது. இருபத்தாறு ஓட்டு அதிகம் வாங்கினார். லூயிஸுக்கு ஆத்திரம். உன் வாயாலேயே நம்ம கட்சியைத் தோக்கடிச்சிட்ட மச்சான் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. தோல்வி மத்தியாஸுக்கும் கசந்தது. ஆனாலும் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் ஜெயபாலனின் கையைக் குலுக்கினார். பின்வரிசையில் யாரோ ஜெயபாலனைக் கேலி செய்தபோது, நம்ம ஆளுங்க அப்படிப் பேசக்கூடாது என்று திரும்பிச் சொன்னார்.

குடும்பங்களுக்கு இடம் தேடுவதில் இருவரும் சேர்ந்து அலைந்தார்கள். பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, முன்பு ஈப்போவில் மத்தியாஸோடு பூசைக்கு வந்துகொண்டிருந்தவர். அவருக்கு மத்தியாஸ் கடிதம் எழுதினார். வேலையும் லயமும் உண்டு என்று பதில் வந்தது. ஈப்போ ஸ்டேஷனிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயிலிலும், அங்கிருந்து ஆற்றுவழியே படகிலும் அவர்களைக் கூட்டிப்போகும் பொறுப்பை ஜெயபாலன் ஏற்றார். அதற்குள் செல்லாயிக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. கத்தரினும் மங்களமும் ஸ்டேஷனுக்கு வந்து அவளைப் பெட்டியில் ஏற்றி உட்காரவைத்தார்கள்.

மற்றவர்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜெயபாலன் மத்தியாஸிடம் வந்தார்.

"அடுத்த மாசக் கூட்டத்துல உங்க மனுவை எதிர்த்துத்தான் பேசுவேன், ஐயா. இப்பவே சொல்லிடுறேன்."

"பேசுங்க," என்றார் மத்தியாஸ். "நானும் பதில் எழுதிக்கிட்டுத்தான் வாரேன்."

கார்டு பச்சைக்கொடி காட்டினார். ஜெயபாலன் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டார்.