மெதுவாகத் தைத்த வாரம்

திருபுவனை தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஆலையில் தைக்கும் சட்டைகள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறவை. ஆகஸ்டு கடைசியில் அங்கே இந்தியச் சரக்குக்கு இறக்குமதி வரி ஐம்பது சதவீதமானது. புதிய துணி வருவது நின்றுபோனது. வெட்டும் மேசையில் மிச்சம் இருந்தது ஒரு வாரத்துக்குத் தாங்கும் நீலத் துணி மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுளாதான் யோசனையைச் சொன்னாள். காலர் பொருத்துகிறவள், லைனில் அவளைவிட வேகமான கை கிடையாது.

"இருக்குற துணி தீந்துச்சுன்னா நம்மள வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. மெதுவா தைப்போம். அதுக்குள்ள அமெரிக்காக்காரனும் டெல்லிக்காரனும் பேசி முடிச்சிப்பாங்க."

"நம்ம காட்டேரிக்குப்பம் வாய்க்கா தகராறே இன்னும் முடியல. இவங்க முடிச்சிடுவாங்களாடி?" என்றாள் பக்கத்து மெஷின் தனக்கொடி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த புருஷன் படுத்துக்கிடக்க, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "சரி, நான் இன்னா புதுசா மெதுவா தைக்கிறது? எப்பவும் அப்படித்தான."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து நூல் அடிக்கடி அறுந்தது. தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் நின்றது. "இன்னாம்மா, ராத்திரி கூத்து பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டதோடு சரி, சூப்பர்வைசர் இர்பான் கத்தவில்லை.

சொன்னவளால்தான் முடியவில்லை. காலர் வளைவில் பாதியில் நிறுத்தினால் தையல் கோணிவிடும். நினைப்பு எங்கோ போகும்போது மஞ்சுளாவின் கால் பழையபடி அழுத்தியது. ஒரு கட்டு முடிந்ததும், எண்ணிக்கை ஏறுவதற்காக அட்டையைப் பதிவு மெஷினில் காட்டுவதையும் கை தன்பாட்டில் செய்தது.

சனிக்கிழமை இர்பான் பெயர்களை வாசித்தார். பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்குப் பாதி லைன் போதும். இந்த வாரம் அதிகம் தைத்தவர்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மஞ்சுளா பெயர் முதலில் வந்தது. தனக்கொடி பெயர் வரவே இல்லை.

மஞ்சுளா அவர் பின்னாலேயே போனாள். "அண்ணா, நான்தான் அவங்கள மெதுவா தைக்கச் சொன்னேன். போன மாசக் கணக்கப் பாருங்கண்ணா."

"எனக்குத் தெரியாதாம்மா? முதல் நாளே தெரியும். மேல போயி வாயத் தொறந்திருந்தா எனக்கும் வேல போயி, இன்னிக்கு நானும் உங்க வேன்லதான் ஏறணும்."

என்னை எடுத்துவிட்டுத் தனக்கொடியை வையுங்கள் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். இர்பான் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

காட்டேரிக்குப்பம் வேன் கிளம்பத் தயாராக நின்றது. தனக்கொடிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மஞ்சுளா நெருங்கியதும் அவள் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி அங்கே வைத்தாள்.

"நல்லா மெதுவா தச்சடி, நீ."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மஞ்சுளா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் நெடுஞ்சாலையில் ஏறியது.