வீட்டுக்காரர் மேற்கோள்

மூளை ஆய்வு நிலையத்தில் அவளுக்குத் தூக்கக்காரம்மா என்று பெயர். எலிக்கு ஒரு வழியைப் பழக்கி, தூங்க வைத்து, எழுப்பி, வழி நினைவிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நன்றாகத் தூங்கினால் நினைவு கெட்டிப்படுகிறது என்பது அவள் கட்சி. மேல்மாடி ஆய்வகத்தில் அவள் கணவனுக்கும் அதே எலி, அதே தூக்கம்தான். கட்சி மட்டும் வேறு. தூக்கத்தில் மூளை தன்னைக் கூட்டிப் பெருக்கிக்கொள்கிறது, வேண்டாததை மறப்பதற்குத்தான் தூக்கமே என்பான் அவன்.

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும் ‘நீங்க’ வரும். கல்யாணமான புதிதில் அவள் கட்டுரையை மறுத்து அவன் ஒரு கட்டுரை வெளியிட்டான். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆய்விதழைப் புரட்டியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க ‘நீங்க’தான். பிறகு அவனை வரிக்கு வரி பிய்த்து அவள் ஒரு பதில் எழுதினாள். அதற்கு அவன் ஒரு பதில் எழுதினான். குடும்பம் நடக்க வேண்டுமே என்று, வீட்டுக்குள் எலிப் பேச்சே எடுப்பதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சண்டை முழுவதும் அச்சில் நடந்தது.

ஒருவரை மறுக்க வேண்டுமானால் அவரை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? சண்டை முற்ற முற்ற இருவரின் மேற்கோள் எண்ணிக்கையும் ஏறியது. ஆய்வாளரின் தரத்தை அந்த எண்ணிக்கையை வைத்தே எடைபோடும் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது.

மூத்த பேராசிரியர் பதவி ஒன்று காலியானபோது அவள் விண்ணப்பித்தாள். தேர்வுக் குழுவில் வெளியிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேசமாட்டார். அவர் எண்ணிக்கையோடு நிற்காமல், மேற்கோள் காட்டியது யார் என்று பார்த்தார். பாதிக்கு மேல் ஒரே ஆள். யார் இவர் என்று கேட்டார். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவங்க வீட்டுக்காரர்” என்றார். சொந்தக்காரர் மேற்கோளைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. கழித்துப் பார்த்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது.

அன்று மாலை அவள் பையை நாற்காலியில் வீசினாள்.

“இத்தனை வருஷமா நீங்க என்னைத் திட்டினதெல்லாம் கணக்குல வராதாம்.”

‘நீங்க’ காதில் விழுந்ததுமே அவன் எழுந்து நின்றுவிட்டான். விஷயம் முழுவதும் தெரிந்தபோது அவனுக்கு ரோஷம் வந்தது. “புகழ்ந்திருந்தா தள்ளிடலாம், நியாயம். நான் தப்புன்னு சொல்லியிருக்கேன். அதுவும் மனசாரச் சொல்லியிருக்கேன்.”

இதற்கு மகிழ்வதா அழுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவளிடம் சொல்லாமலே அவன் குழுவின் முன் போய் நின்றான். மனைவிக்குச் சலுகை காட்டுகிற ஆள் தானில்லை என்று நிரூபிக்க, அவள் ஆய்வில் உள்ள ஓட்டைகளைப் பலகையில் வரைந்து காட்டத் தொடங்கினான். இயக்குநர் பதறிப்போய் அவளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்தாள். வாசலில் நின்று ஒரு வாக்கியம் கேட்டாள். நேரே போய் அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினாள். அதன்பிறகு குழு என்று ஒன்று அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்த அம்மா மட்டும் குறிப்பெடுத்தபடி, இருவரும் மூச்சு வாங்குகிற நேரத்துக்காகக் காத்திருந்தார்.

“அவங்க சரியான வழி ஞாபகமிருக்கான்னு பாக்கறாங்க. நீங்க தப்பான திருப்பம் மறந்துபோச்சான்னு பாக்கறீங்க. ரெண்டையும் ஒரே எலிகிட்ட யாராவது பாத்தீங்களா?”

இருவருமே பார்த்ததில்லை. அவள் மார்க்கரை மூடி மேசையில் வைத்தாள்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. பதவி போன வருத்தம் பாதிதான். இந்தக் கேள்வி இத்தனை வருடம் சாப்பாட்டு மேசையில் வராமல் போயிற்றே என்ற எரிச்சல் மீதிப் பாதி. மூன்றாம் நாள் ஒப்பந்தத்தை அவளே உடைத்தாள். “எலி உன்னுதா, என்னுதா?” என்று கேட்டாள். ‘நீ’ திரும்பி வந்த சந்தோஷத்தில், “உன்னுதே இருக்கட்டும்” என்றான் அவன்.

ஒரே எலியில் இருவரும் சோதித்தார்கள். தூங்கி எழுந்த எலிக்குச் சரியான வழி கெட்டிப்பட்டிருந்தது, தப்பான திருப்பங்கள் மங்கியிருந்தன. இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. முதன்முறையாக இருவர் பெயரும் ஒரே கட்டுரையில் வந்தது. அதை ஒருவரும் சீண்டவில்லை. சண்டையிருந்தால்தானே மேற்கோள்! பழையபடி கொஞ்சம் முட்டிக்கொள்ளக் கூடாதா என்று இயக்குநர் ஜாடையாகக் கேட்டும் பார்த்தார்.

ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே அவன் புதிய ஆய்விதழ் ஒன்றைத் திறந்தான். எங்கோ தொலைவிலிருந்து யாரோ எழுதியிருந்தார். அவர்கள் இருவரும் சொன்னது தவறு என்று பக்கம் பக்கமாக வாதாடியிருந்தார்.

“யாரு இவரு? உனக்குச் சொந்தமா?” என்றாள்.

“இல்லையே. உனக்கு?”

“எனக்கும் இல்ல. அப்ப கணக்குல வரும்.”

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில், இந்த ஆள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்றாள். துளிகூடக் கிடையாது என்றான் அவன். ஆய்வகம் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.