முகத்துவாரத்தின் மேல் ஒரு வெளிச்சம்

வானத்தில் இன்னதென்று தெரியாத எதையாவது பார்த்ததாக யாரேனும் அழைத்தால் என்ன செய்வது என்று கற்றுத்தர, தலைமை அலுவலகத்திலிருந்து லட்சுமணன் எண்ணூர் தீயணைப்பு நிலையத்துக்கு வந்திருந்தார். அழைப்பவர் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. பெரிய வண்டி வேண்டாம், இரண்டு பேர் ஜீப்பில் போனால் போதும். படம் எடுக்க வேண்டும். கூட்டத்தைக் கலைக்க வேண்டும்.

"சார், இங்க வானம் எப்பவும் எரிஞ்சிகினுதான் கீது," என்றான் தீயணைப்பு வீரன் வேம்பு. சன்னலுக்கு வெளியே ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியின் உச்சியில் கழிவு வாயு எரிந்துகொண்டிருந்தது. "வேற கிரகத்து ஆளு எறங்குனாலும் மூக்கப் புட்சிகினு ரிட்டர்ன் போய்டுவான்."

லட்சுமணனும் சிரித்தார்.

இருட்டத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது. அன்று அழைப்புகளை எடுப்பவள் சங்கமித்ரா. முகத்துவாரம் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் பூமாரி பேசினாள்.

"யம்மா, நெருப்பு உருண்டை ஒண்ணு அந்தரத்துல ஒத்தையில நிக்கி. கீழ பிடிப்பே இல்ல."

சங்கமித்ரா சிரிக்கவில்லை. கற்றபடி கேட்டாள். எந்தத் திசை, எவ்வளவு உயரம், சத்தம் உண்டா.

"சத்தம் இல்ல. அந்தா, அணைஞ்சிட்டு. முதல்ல அழுகின முட்டை நாத்தம் வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

எண்ணூரில் நாற்றம் நின்றால் காற்று திரும்பிவிட்டது என்று பொருள். சங்கமித்ரா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேம்புவிடமும் அப்படியே சொன்னாள்.

"நாத்தமே நின்னுச்சா? அப்போ மெய்யாலுமே வேற கிரகம்தான், தங்கச்சி."

வேம்பு டிரைவர் ரெஜியுடன் ஜீப்பில் கிளம்பினான். மூச்சுக்கருவிகள் பெரிய வண்டியில் இருந்தன.

லட்சுமணன் டீயோடு உள்ளே வந்து விவரம் கேட்டார். நாற்றம் நின்றதை அவள் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிக்கலம்மா. அந்த முட்டை நாத்த கேஸ் அதிகமானா மூக்கு மரத்துடும், நாத்தம் தெரியாது. அந்தம்மா பாத்தது புகைபோக்கித் தீதான், வாயை விட்டு மேல எழும்பி அணைஞ்சிருக்கு. எரியாத கேஸ் கீழ எறங்குது."

சன்னலுக்கு வெளியே புகைபோக்கி இருட்டாக நின்றது. சங்கமித்ரா ஒயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"வேம்பண்ணா, திரும்பி வந்துடு. கேஸு."

"கட வாசல்ல அந்தம்மா வுயுந்து கெடக்குது. தூக்கினு வந்துடறேன்."

"மூச்சு செட்டு இல்லாம போவாத. பெரிய வண்டி கெளம்புது."

"நாலு எட்டுதான், தங்கச்சி."

பெரிய வண்டி சைரனோடு வாசலைத் தாண்டியது. கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. சைரன் ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது ரெஜியின் குரல். "அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு. அந்தம்மா பக்கத்துலயே. நான் ஜீப்புக்குள்ளதான் இருக்கேன், கண்ணாடிய ஏத்திட்டேன். அவரு கை அசையுது. நான் போகட்டா?"

லட்சுமணன் ஒயர்லெஸ்ஸுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"வேணாம் ரெஜி. காத்து எங்கேந்து வருதோ, அந்தப் பக்கமா ஓட்டு."

"கை அசையுதுக்கா."

"ஓட்டு."

இன்ஜின் உறுமியது. ரெஜி அழுதுகொண்டே ஓட்டினான். ஒயர்லெஸ் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தான்; அது அழுந்தியிருக்கும்வரை வேறு யார் குரலும் வராது. அவன் அழுகை மட்டும் அறை முழுக்கக் கேட்டது. வேம்பு தன் கையடக்க ஒயர்லெஸ்ஸில் ஏதாவது பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.