அத்தையின் முன்பல்லும் ஆற்று வெள்ளமும்

ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது என் மாமியாரின் வாய்க்குள் நான் மாவு வைத்திருந்தேன். சாப்பிடுகிற மாவு அல்ல. பல் செட்டுக்கு அச்சு எடுக்கிற மாவு. குழைத்து, பல்வரிசை வடிவத் தட்டில் நிரப்பி மேல்தாடையில் அழுத்தி, இறுகியதும் பதமாகக் கழற்ற வேண்டும். பதம் தவறினால் கழற்றுவது பெரும் பாடு.

பெண்ணைத் தயங்காமல் கொடுத்த அத்தை, பல்லை மட்டும் என்னிடம் கொடுக்க மறுத்துவந்தார். மேல்வரிசையில் மிஞ்சியிருந்தவற்றில் ஒரு முன்பல் காற்றடித்தாலே ஆடும். "ஆடினா ஆடட்டும் மாப்பிள்ளை, உங்க கை படாம இருந்தா போதும்" என்பார். அந்தப் பல்லைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அன்று நாற்காலியில் சாய்ந்தார்.

கிளினிக் முதல் மாடியில். ஜன்னலோரம் போன உதவிப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"டாக்டர், நம்ம வண்டி போகுது."

"யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. அதுவா போகுது."

எட்டிப் பார்த்தேன். தெருவையே காணோம். பழுப்புத் தண்ணீர், சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி எதிர் செருப்புக்கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து செருப்புகள் ஜோடியாக வெளியே வந்து, தெருமுக்கில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போயின. பின்னால் என் ஸ்கூட்டர், படுத்தவாக்கில். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவன், என் வாயை மூட மறந்து நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் "ம்ம், ம்ம்" என்று சத்தம். அத்தை ஒரு கையால் ஜன்னலையும் மறு கையால் தன் கைப்பையையும் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா வீட்டில் தனியாக இருக்கிறார். வீடு ஆற்றங்கரைத் தெருவில், கீழ்த்தளம். பையிலிருந்து போனை எடுத்து மாமாவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

வாயிலிருந்த தட்டைக் கழற்றப் போனால் மாவு கான்கிரீட். நாற்காலியில் கால் முட்டுக்கொடுக்காத குறையாக இழுத்தேன். வந்துவிட்டது, அந்த முன்பல்லையும் கூட்டிக்கொண்டு. அத்தை பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இத அப்புறம் பேசிக்கறேன்."

ரத்தம் வந்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். அதற்குள் போன் அடித்தது. அத்தையின் மாடி வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கீழ முழங்காலுக்கு மேல தண்ணி. உங்க வீட்டுக்காரர் கட்டில் மேல நிக்கறாரு, போன் தண்ணிக்குள்ள. மேல வாங்கன்னு கெஞ்சறேன், வரமாட்டேங்கறாரு. நீங்க வர்ற வரைக்கும் வீட்டை விட்டு நகரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்களாமே."

சொன்னது உண்மை. வாசலைத் தாண்டினால் மாமா யாரிடமாவது பேச நின்றுவிடுவார், கதவு திறந்தபடி கிடக்கும். அதற்காகச் சொன்னது. ஊரில் யார் சொன்னாலும் காற்றில் விடுகிற மனிதர், அத்தை சொன்னதில் மட்டும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டார். அது தெரிந்ததால்தான் அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"போன அவர்ட்ட நீட்டுங்க" என்றார், பஞ்சோடு.

"ஹலோ, யாரும்மா?" மாமாவின் குரல்.

"நாந்தாங்க. மேல போங்க."

"நாந்தான்னா யாரு? இது எங்க வீட்டுக்காரி குரல் இல்லையே."

பல் போன சந்தில் காற்றுப் போனது, பஞ்சு வேறு.

"மாமா, அத்தைதான் பேசறாங்க" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. உங்க பேச்சைக் கேட்டு நான் நகர்ந்தேன்னு தெரிஞ்சா அவ என்னை உயிரோட விடுவாளா?"

அத்தை பஞ்சைத் துப்பினார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? கட்டில் மேல நின்னு என்ன, கப்பலா ஓட்டறீங்க? திரும்பி வந்து நான் பாக்கறதுக்கு நீங்க இருக்கணுமா வேணாமா? வீடு கிடக்குது வீடு. மரியாதையா மேல ஏறுங்க." கடைசி வார்த்தை பாதியில் உடைந்தது.

அந்தப் பக்கம் "அவதான்" என்று மாமா மாடி வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது. "கையைக் குடுங்க."

தண்ணீர் அளைகிற சத்தம். படியில் காலடி. மூச்சிரைப்பு. "ஏறிட்டேன்."

அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புதுப் பஞ்சு வைத்து, "ரத்தம் நிக்கணும் அத்தை, அரைமணி நேரம் பேசக்கூடாது" என்றேன். தலையாட்டினார். போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

மாமா பேசத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆரம்பித்த எந்தப் பேச்சும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டியதில்லை, அத்தை முடித்துவைத்துவிடுவார். இன்றைக்கு "ம்" மட்டும்தான். அந்த "ம்" கொடுத்த தைரியத்தில் ஆற்றையே வர்ணித்துத் தள்ளினார். "நம்ம நாற்காலி வெளிய போயிடுச்சு. பக்கத்து வீட்டு வாளிதான் முன்னாடி போச்சு, நம்மது முந்திடுச்சு, தெரியுமா? ஒரு தலையணை போகுது. அது நம்மதுதான்னு நினைக்கிறேன். நான் பயப்படல. அதாவது, கொஞ்சம் பயந்தேன். உனக்கு ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"வெந்நீர் வெச்சுத் தர ஆளில்லையே அங்க."

"ம்."

அரைமணி கடந்தது, மாமா இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. ரத்தமும் நின்றிருந்தது. "போதும் அத்தை, பஞ்சை எடுத்துடலாம்" என்று குனிந்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டு, இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டார்.