வடக்கு வாசலைத் திறந்தவள்

சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பாளர் நாற்காலி லேசுப்பட்டது இல்லை. கூடத்தின் முன்னால் ஒரு மேடை, மேடைமேல் மேஜை, மைக், ஒரு தம்ளர் தண்ணீர். கீழே வரிசை வரிசையாக உட்கார்ந்து இலை சுருட்டுகிறவர்களுக்குக் கை வேலையில் இருக்கும், காது மேடையில் இருக்கும். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் மேலாளர் மூக்கை நுழைக்க முடியாது. சுருட்டுகிறவர்கள்தான் கை தூக்கி முடிவு செய்வார்கள். பதினோரு வருஷமாக அவர்கள் கை தூக்கியது நெரெய்தாவுக்கு.

காலையில் செய்தித்தாள், அதற்குமேல் நாவல். வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் மட்டும் 'உப்புக் கோட்டை'. அது டிவித் தொடர். மந்திரம், மகுடம், கடலுக்கு அப்பாலிருந்து படையெடுத்து வரும் ராஜா, அரண்மனைக்குள் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவது எல்லாம் அதில் உண்டு. பினார் ஊரில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் பாதிப் பேர் எந்த வாரமும் முழுசாகப் பார்த்ததில்லை. நெரெய்தாவின் தெருவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற கரண்ட் லைன், அங்கே விளக்கு அணையாது. அவள் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். நடந்ததில் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். யார் யாருக்கு எதற்காகக் குழி பறிக்கிறார்கள் என்பதை மட்டும் கடைசியில் பிரித்துக் காட்டுவாள். "அந்த நிதி மந்திரி சிரிச்சான், ஆனா அவன் கண்ணு சிரிக்கல, கவனிச்சீங்களா?" என்று கேட்டால் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

கதை பிடித்திருந்தால் இலை வெட்டும் அரைநிலாக் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். டக், டக், டக் என்று மழை மாதிரி வரும். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் நழுவவிடுவார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அந்தக் கூடத்தில் கிடையாது. நெரெய்தாவுக்கு எதிராக இதுவரை ஒரு கத்தியும் விழுந்ததில்லை.

இந்த வருஷம் போட்டிக்கு அமௌரி வந்தான். உள்ளூர் வானொலியில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்த இளைஞன், நல்ல பல்வரிசை. இரண்டு நாள் வாசித்துக் காட்டினான். வெள்ளிக்கிழமை கதை முடிந்ததும் வாக்கெடுப்பு என்று ஆயிற்று.

வியாழக்கிழமை காபி நேரத்தில் ரெமிகியோ நெரெய்தாவின் பக்கத்தில் வந்து நின்றார். மூன்றாவது வரிசைக்காரர், ஊர் வம்பெல்லாம் அவர் சட்டைப்பையில்.

"காப்பிதான் சூடுன்னு நெனச்சேன், உன் மூஞ்சி அதைவிடச் சூடா இருக்கே."

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க ரெமிகியோ."

"ஒர்டென்சியா அந்தப் பையனுக்குத்தான் கை தூக்கப் போறாளாம். அவளே சொன்னா. சரி, எனக்கெதுக்கு வம்பு." சொல்லிவிட்டு, வம்பே வேண்டாதவர் போலத் தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

ஒர்டென்சியா யார்? முன்வரிசையில் மஞ்சள் தலைத்துணியும் ஒற்றைத் தங்கப் பல்லுமாக உட்கார்ந்திருப்பவள். நெரெய்தா மேடை ஏறுவதற்கு முன் இருவரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசிச் சுருட்டியவர்கள். அவள் தட்டினால் முன்வரிசை தட்டும், முன்வரிசை தட்டினால் கூடம் தட்டும். அவள் கை எங்கே போகிறதோ அங்கேதான் பாதிக் கைகள் போகும்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கொஞ்ச காலமாகவே ஒர்டென்சியாவின் கத்தி எல்லோருக்கும் பிறகு, ஒரு கணம் பிந்தித்தான் தட்டுகிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அமௌரி வாசித்துக் காட்டிய நாளில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அவனோடு முகத்துக்கு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்படி என்ன ரகசியம்? காரணமும் கிடைத்துவிட்டது: பொறாமை. ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தி மேடைக்குப் போனாள், ஒருத்தி இலையோடு நின்றாள். அரண்மனைச் சதிகளைக் கரைத்துக் குடித்தவளுக்கு இது ஒரு பெரிய முடிச்சா?

நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் உப்புக் கோட்டையில் நேரில் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது வாரத்திலேயே செத்துப் போனார்கள்.

அந்த வாரக் கதையும் வாகாக அமைந்தது. ராணி இல்வாராவோடு ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்த தோழி வெர்னா, ராத்திரியில் கோட்டையின் வடக்கு வாசலை எதிரிப் படைக்குத் திறந்துவிடுகிறாள். ஏன் திறந்தாள் என்று தொடரில் சொல்லவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள், அழுதாள், அத்தோடு முடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நெரெய்தா மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். வாசல் திறக்கும் இடம்வரை ஒழுங்காகத்தான் சொன்னாள். கூடம் கிறங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நாக்கு புரண்டது.

"வெர்னா ஏன் திறந்தா? அவளே சொல்றா கேளுங்க. மஞ்சத் துணியை அவுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, தங்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறா. 'ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். அவ மேல போயிட்டா, நான் கீழயே கெடக்கேன். அவ விழணும். அதுக்காக எவன் வந்தாலும் வாசலைத் திறப்பேன்.' இப்படிச் சொல்றா அந்தக் கிழட்டு நாய்."

கூடம் உறைந்தது. சுருட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. கோட்டையில் ஏது பெஞ்சு? வெர்னாவுக்கு ஏது தங்கப் பல்? தொடரைப் பார்த்தவர்களுக்கும் புரிந்தது, பார்க்காதவர்களுக்கும் புரிந்தது. ஒருவரும் தட்டவில்லை.

மூன்றாவது வரிசையில் ரெமிகியோ எழுந்து நின்றார். வம்பே வேண்டாத அந்த மனுஷன் கையை நீட்டி, கத்தியைத் தரையில் விட்டார். இரும்பு கல்லில் விழுந்த சத்தம் கூரைவரை போனது. எல்லாத் தலைகளும் திரும்பின.

ஒரு தலை திரும்பவில்லை. மஞ்சள் துணி கட்டிய தலை இலைமேல் குனிந்தபடியே இருந்தது. ஒர்டென்சியா சுருட்டின் நுனியைப் பொறுமையாக ஒட்டி முடித்தாள். பிறகு நிமிர்ந்து, பக்கத்திலிருப்பவளின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து ஒர்டென்சியாவின் முகம் மலர்ந்தது. கதையில் ஏதோ பெரிய திருப்பம் வந்திருக்கிறது என்று நினைத்தாள். கத்தியை எடுத்துப் பலகையில் தட்டினாள். டக், டக், டக். முன்வரிசை ஏன் இன்னும் தட்டவில்லை என்று சுற்றிப் பார்த்து, இன்னும் பலமாகத் தட்டினாள். மேடையைப் பார்த்துத் தங்கப் பல் தெரியச் சிரித்தாள்.

நெரெய்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிந்தி வந்த தட்டு, திரும்பாத தலை, முகத்துக்கு முகம் வைத்த பேச்சு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் வீட்டுச் சமையலறைக்கு வந்து "அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லேன்" என்று எதிரே நாற்காலி போட்டுக்கொள்வது எல்லாம் ஒரே நொடியில் வேறு மாதிரி பொருந்தின. முதலில் பொருந்தியதைவிட நன்றாகவே பொருந்தின. காது கேட்கவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை. அவ்வளவுதான்.

தண்ணீரைக் குடித்தாள்.

"இப்ப சொன்னது தொடர்ல இல்ல," என்றாள் மைக்கில். "நானாச் சேர்த்தது. வெர்னா ஒண்ணும் சொல்லல. தாழ்ப்பாளை இழுத்தா, அழுதா. ஏன்னு எனக்குத் தெரியாது. ரெமிகியோ கத்தியை விட்டது சரிதான்."

வாக்கெடுப்பு நடந்தது. அமௌரிக்குக் கை தூக்கச் சொன்னபோது ஒர்டென்சியா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கினாள். சில கைகள்தான் வித்தியாசம், ஆனாலும் அவன் ஜெயித்துவிட்டான். வந்து நெரெய்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றான். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

கூடம் காலியான பிறகு நெரெய்தா மேடையிலிருந்து இறங்கி, தன் பழைய இடத்தில், ஒர்டென்சியாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?" என்று தன் காதைத் தொட்டுக் கேட்டாள்.

ஒர்டென்சியா பலகையில் கிடந்த இலைத் துணுக்குகளைக் கூட்டிக் குவித்தாள். "இடது காது போயி ரெண்டு வருஷம். வலது போன மழைக்காலத்துல."

"என்கிட்டச் சொன்னா என்னடி?"

"சொன்னா நீ கத்திப் பேசுவே. கூடமே திரும்பிப் பாக்கும். அப்புறம் கிழவிக்கு ஓய்வு குடுங்கன்னு மூலையில உக்கார வச்சு இலை நரம்பு உரிக்கச் சொல்லுவாங்க. எனக்கு வேண்டாம்மா அது."

"அப்ப இத்தனை நாளும் கேக்காமயா தட்டினே?"

"நான் தட்டலைன்னா உனக்கு யாரு தட்டுவா?"

நெரெய்தாவுக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

"கோவமா?" என்றாள் ஒர்டென்சியா. "அந்தப் பையன் மைக்கைத் தள்ளி வச்சுட்டுப் படிக்கிறான்டி. உதடு தெரியுது. நீ அந்த மைக்கை முழுங்கிடுவே. அவன் வந்த அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு கதையை முழுசாப் புரிஞ்சுக்கிட்டேன். உனக்குத் துரோகம்தான். எனக்கு ஆசையா இருந்துச்சு."

"கோவம்தான்," என்றாள் நெரெய்தா, உதடு தெரிய. "உன்மேல இல்ல."

"திங்கக்கிழமை இங்கயே உக்காரு. இந்த இடம் காலிதான்." ஒர்டென்சியா பலகையைத் தட்டிக் காட்டினாள். பிறகு ஆவலோடு முன்னால் சாய்ந்தாள். "அது கெடக்கட்டும். இன்னிக்கு வெர்னாவைப் பத்தி என்னத்தைச் சொன்னே? எல்லாரும் அப்படியே கல்லாயிட்டாங்களே! ரொம்ப நல்லா இருந்திருக்கணும். சொல்லு."

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வெர்னாவின் மகன் பணயக் கைதியாக இருந்தான், பழைய காதல், மந்திரவாதி மயக்கிவிட்டான் என்று நெரெய்தாவுக்கா காரணம் கிடைக்காது? ஆனால் அவள் சொன்னாள். மஞ்சள் துணியைச் சொன்னாள், தங்கப் பல்லைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள். கிழட்டு நாய் என்பதையும், உதடு நன்றாகப் பிரிய, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

ஒர்டென்சியா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கத்தியை எடுத்து, பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்து, கையைப் பலகைக்கு வெளியே நீட்டி, விரல்களைத் திறந்தாள். கத்தி தரையில் விழுந்து அதிர்ந்து, அடங்கியது.

"எடுத்துக் குடு," என்றாள் ஒர்டென்சியா. "குனிஞ்சா எனக்கு இடுப்புப் புடிச்சுக்கும்."

நெரெய்தா குனிந்தாள்.