எங்கே என்று கேட்கக் கூடாது

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாராவது "எங்கே?" என்று கேட்டுவிட்டால் வைத்தீஸ்வரனுக்கு அந்தக் காரியம் அத்தோடு தொலைந்தது. திரும்ப உள்ளே வர வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம்தான் மறுபடி கிளம்பலாம். கேட்டே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்கலாம், அதில் தோஷமில்லை. பாலக்காட்டில் அவருடைய மனிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

சரி, அப்படியானால் பாலக்காட்டிலேயே இருந்திருக்கலாம். மட்டாஞ்சேரிக்கு வந்து குடியிருந்துகொண்டு இந்தச் சாஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் யார் என்ன செய்ய முடியும்? இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக மலையாளத்தில் "எங்ஙோட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். பதில்கூட யாருக்கும் வேண்டாம். கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக வாசலுக்கும் கூடத்துக்குமாக மனைவி சீதாலக்ஷ்மி இவர் பின்னால் நடந்த நடைக்குக் காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

மற்ற நாளில் சிரித்துக்கொள்வாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் பெண் ஸாதனாவுக்குக் கல்யாணம். மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் சிநேகிதிகள். மூன்றாவது அப்பாதான் போட வேண்டும் என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளை ஹிரேன் நாலு தெரு தள்ளி இருக்கிற குஜராத்திப் பையன். அவர்கள் வீட்டு அடுப்படியில் வெங்காயம் பூண்டுகூட நுழைந்ததில்லை. இவராவது வாரத்துக்கு ஒரு நாள் வெங்காய சாம்பார் கேட்கிறவர். ஆனாலும் "நம்மவா இல்லையே" என்று ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்றுத்தான் "வரேன்" என்று ஒரு வார்த்தையை உதிர்த்தார்.

ஸாதனா சிநேகிதிகளோடு முன்னாலேயே போய்விட்டாள். ஒன்பதே முக்காலுக்கு இவர்கள் இருவரும் கிளம்பினார்கள். எதிரே மிளகுக் கிடங்கு வாசலில் நின்ற அஷ்ரப், "எங்ஙோட்டா ஸ்வாமீ, ரண்டாளும் கூடி?" என்றார். வைத்தீஸ்வரன் நின்ற இடத்திலேயே திரும்பினார்.

"ஏன்னா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கோளேன்."

"நல்ல காரியத்துக்குப் போறச்சேதான் இதெல்லாம் பாக்கணும்."

இரண்டாவது தடவை, பால் பாக்கெட்டோடு வந்த அடுத்த வீட்டு ரத்னாபாய், "எவிடேக்கா சேச்சீ, பட்டுசாரியொக்கெ உடுத்து?" என்று ஆரம்பித்தாள். அவர் காதில் விழாதபடி சீதாலக்ஷ்மி பலமாக இருமிப் பார்த்தாள். விழுந்துவிட்டது. மறுபடி செருப்பு, நாற்காலி, தண்ணீர். மனிதர் மிடறு மிடறாக, ஏதோ மருந்து சாப்பிடுகிற நிதானத்தில் குடித்தார். தம்ளரைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது அவளுக்கு. மணி பத்தே கால்.

மூன்றாவது தடவை அவளே முனைக்கு ஓடி, ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலை ஒட்டி நிறுத்தினாள். இருவரும் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுகிறவன் திரும்பி, "எங்ஙோட்டா?" என்றான். கேட்காமல் அவன் எப்படி வண்டியை எடுப்பான்? வைத்தீஸ்வரன் ஒரு காலை வெளியே வைத்தார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. போன வெள்ளிக்கிழமை பல் டாக்டரைப் பார்க்க எர்ணாகுளம் கிளம்பினபோதும் ஆட்டோக்காரன் இதையேதான் கேட்டான். இவரும் "போட் ஜெட்டி" என்று சொல்லிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

"பல் டாக்டர்ட்ட போறச்சே ஆட்டோக்காரன் கேட்டானே, அன்னிக்கு எறங்கினேளா?"

அவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கோ. சகுனம் சரியில்லையா, இல்லே நேரம் தவறணும்னே பண்றேளா?"

வைத்தீஸ்வரன் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மடியில உக்கார வெச்சுண்டு தாரை வாத்துக் குடுப்பேன்னு இருந்தேன், சீதே. ஒரு கடலாசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னா எப்படி? இன்னிக்கு நின்னுபோச்சுன்னா, நாளைக்கு அவ மனசு மாறினாலும் மாறுமோல்லியோ."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டபோது சீதாலக்ஷ்மிக்கு இரக்கம் வந்தது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக வந்தது. பெண் அங்கே ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதர் இங்கே தண்ணீர் குடித்துக் குடித்தே அவள் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறார்.

"எறங்குங்கோ" என்றாள்.

இறங்கினார். ஓட்டுகிறவன் தயங்கி, "சேச்சீ, எங்ஙோட்டா?" என்று மறுபடியும் கேட்டான்.

"ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு. என் பொண்ணுக்குக் கல்யாணம்!" ஒரு மாசமாக யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அஷ்ரப் கிடங்குப் படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய் இறங்கினாள். ஸாதனா ஓடிவந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா?"

"வரலை."

உள்ளே குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், "மூணாமத்தெ ஸாக்ஷி ஆரா?" என்றார். ஹிரேன் தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். ஸாதனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்" என்று சீதாலக்ஷ்மி கைப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அம்மா எப்படியும் நம் பக்கம்தானே, அவளைத் தனியாக வேறு கேட்பானேன் என்று பெண் விட்டுவிட்டாள். எல்.கே.ஜி. ரிப்போர்ட் கார்டிலிருந்து காலேஜ் அட்மிஷன் வரைக்கும் அப்பா கையெழுத்துத்தான். கூடவே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தது யார், காய்ச்சலில் விழித்திருந்தது யார் என்பதற்கெல்லாம் எந்தக் காகிதத்திலும் இடம் விட்டிருக்கவில்லை. பேனாவை வாங்கி ஓர் எழுத்து விடாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

நிமிர்ந்தபோது ஸாதனாவின் கண் வெளியே இருந்தது. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் கழுத்து தானாகத் திரும்பியது. காலையிலிருந்து அவர் படுத்திய பாட்டில்கூட சீதாலக்ஷ்மிக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

பெண்ணின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"வாசலையே பாக்காதேடி. நான் வந்திருக்கேனோல்லியோ."