முன்னால் கிளம்பிய பை

எழுபத்தெட்டில் ஒரு திங்கட்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பத் திட்டம் போட்டேன். அன்று கிழக்கே சூலம் என்று என் மனைவி கஸ்தூரி தடுத்தாள். ஞாயிறு நல்ல நேரத்திலேயே எங்கள் பையைப் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளிடம் கொடுத்து, “இப்பவே நாங்க கிளம்பிட்டதா கணக்கு” என்றாள்.

திங்கள் காலையில் பையைக் கேட்டால் ரேணுகாம்பாள் விழித்தாள். “நீங்க கிளம்பிட்டீங்கன்னுதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். பையை மறந்துட்டாங்கன்னு மொத பஸ்ல பாண்டிச்சேரிக்கு எடுத்துட்டு ஓடிட்டாருங்க!”

பையில்லாமல் கிளம்பினால் சகுனம் கெட்டுவிடுமாம். என் ஒரு நாள் லீவு நாசம்.

மாலையில் ரேணுகாம்பாளின் புருஷன் தருமன் என் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

“கடற்கரை பூரா உங்களைத் தேடினேங்க. அலை அடிச்சு என் சட்டை நனைஞ்சு போச்சு. நீங்களும் ஒருதரம் போய்ப் பாருங்க, சார்!”